பிரிட்டன் வல்லரசு இடத்தை இழந்தது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம் என்று பெயர் வாங்கிய நாடு பிரிட்டன். அந்தச் சூரியன் எப்போது மறைந்தது என்று கேட்டால் ஒருவர் 1947 என்பார், இன்னொருவர் 1956 என்பார், மூன்றாமவர் 1914-லேயே கதை முடிந்துவிட்டது என்பார். மூவரிடமும் நியாயம் இருக்கிறது. இந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். என் சாய்வு என்ன என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வல்லரசுகள் சரிவதைப் புரிந்துகொள்ளப் போர்க்களத்தைப் பார்ப்பதைவிடக் கடன் கணக்கைப் பார்ப்பது பயன் தரும் என்று நினைப்பவன் நான்.

உச்சத்தில் இருந்தபோது பிரிட்டன் எவ்வளவு பெரியது?

முதல் உலகப் போர் முடிந்த கையோடு, உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய கால் பங்கும் மக்கள்தொகையில் ஏறக்குறைய கால் பங்கும் அதன் ஆளுகையில் இருந்தன. வரைபடத்தில் பார்த்தால் அதுதான் உச்சம். ஆனால் நிலம் அதிகமாக இருந்த காலமும் பலம் அதிகமாக இருந்த காலமும் ஒன்றல்ல. பலத்தின் உச்சம் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1850-லிருந்து 1870 வரையிலான காலத்தில் வந்து போய்விட்டது. தொழிற்சாலை, நிலக்கரி, கப்பல், காப்பீடு, கடன் எல்லாவற்றிலும் அப்போது லண்டன் சொன்னதே விலை. 1815-ல் நெப்போலியன் தோற்ற பிறகு கடலில் பிரிட்டனை எதிர்க்க ஆளே இல்லை.

1889-ல் ஒரு சட்டம் போட்டார்கள். உலகின் அடுத்த இரண்டு பெரிய கடற்படைகளைச் சேர்த்தாலும் பிரிட்டனின் கடற்படை அவற்றுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பலர் இதைப் பெருமையின் அடையாளமாகச் சொல்வார்கள். எனக்கு அது பதற்றத்தின் அடையாளமாகத்தான் படுகிறது. அதற்கு முந்தைய தலைமுறைக்கு இப்படி ஒரு சட்டம் தேவைப்படவில்லையே!

அப்படியானால் சரிவு எப்போது தொடங்கியது?

1870-களில். அந்தக் காலத்து பிரிட்டிஷ்காரர் யாரிடமாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

உலகத் தொழில் உற்பத்தியில் 1880-ல் பிரிட்டனின் பங்கு சுமார் 23 சதவீதம். 1913-ல் சுமார் 14 சதவீதம். அதே காலத்தில் அமெரிக்கா 15-லிருந்து 32 சதவீதத்துக்குப் போய்விட்டது. 1913-ல் பிரிட்டன் உருக்கிய எஃகு 80 லட்சம் டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஜெர்மனி அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், அமெரிக்கா நான்கு மடங்கு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆண்டுகளில் பிரிட்டன் ஏழையாகவில்லை, முன்பைவிட அதிகம்தான் உற்பத்தி செய்தது. மற்றவர்கள் அதைவிட வேகமாக வளர்ந்தார்கள், அவ்வளவுதான். சின்னத் தீவு ஒன்று கண்டத்தையே கையில் வைத்திருக்கும் நாட்டோடு எத்தனை நாள் ஓட முடியும்?

லண்டனில் இதை உணர்ந்தவர்களும் இருந்தார்கள். 1899-ல் தொடங்கிய போயர் போரில், தென்னாப்பிரிக்காவின் இரண்டு சிறிய குடியரசுகளை அடக்க ஏறத்தாழ நாலரை லட்சம் வீரர்களும் இரண்டரை ஆண்டுக்கு மேலும் தேவைப்பட்டன. அதன் பிறகுதான் கூட்டாளி தேடும் படலம். 1902-ல் ஜப்பானோடு ஒப்பந்தம், 1904-ல் பிரான்ஸோடு, 1907-ல் ரஷ்யாவோடு. 1901-ல் மத்திய அமெரிக்காவின் கால்வாய்த் திட்டத்தில் தனக்கிருந்த உரிமையை பிரிட்டன் அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. பிற்காலத்தில் பனாமா கால்வாய் ஆனது அந்தத் திட்டம்தான்.

பிரிட்டனை வீழ்த்தியது ஜெர்மனிதானே?

இல்லை. ஜெர்மனி இரண்டு முறை மோதியது, இரண்டு முறையும் தோற்றது. ஆனால் அந்த மோதல்களுக்கான செலவைக் கடனாகக் கொடுத்தது அமெரிக்கா. பிரிட்டன் இழந்தவற்றில் பெரும்பகுதி எதிரியின் கைக்குப் போகவில்லை. கடன் கொடுத்த நண்பனின் கைக்குத்தான் போனது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தின் விளக்கம்தான்.

முதல் உலகப் போர் என்ன செய்தது?

1914-ல் பிரிட்டன் உலகத்துக்கே கடன் கொடுக்கும் நாடு. வெளிநாடுகளில் அது போட்டிருந்த முதலீடு சுமார் 400 கோடி பவுண்டு. அதன் அரசுக் கடன் 65 கோடி பவுண்டு அளவில் இருந்தது. போர் முடிந்தபோது அந்தக் கடன் 700 கோடியைத் தாண்டியிருந்தது. அதில் கணிசமான பகுதி அமெரிக்காவிடம் வாங்கியது. ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட இளைஞர்களின் உயிரிழப்பைப் பற்றி எந்தக் கணக்குப் புத்தகமும் பேசாது.

1922-ல் வாஷிங்டனில் கடற்படை ஒப்பந்தம் கையெழுத்தானது. பெரிய போர்க்கப்பல்களில் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் மூன்றுக்கும் 5:5:3 என்ற விகிதம். அதாவது, இரண்டு கடற்படைகளுக்கு ஈடாக ஒன்று வைத்திருந்த நாடு, இன்னொரு நாட்டோடு சமமாக இருக்க எழுத்து மூலம் ஒப்புக்கொண்டது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. ஜப்பானோடு இருந்த பழைய ஒப்பந்தத்தையும் அந்தச் சமயத்தில் கைவிட்டார்கள். இருபது ஆண்டு கழித்து அதன் விலை தெரிந்தது.

1923-ல் அமெரிக்கக் கடனை 62 ஆண்டுத் தவணையில் கட்டுவதாக ஏற்பாடு. 1930-களின் பொருளாதார மந்தத்தில் அந்தத் தவணை நின்றுபோனது.

1925-ல் பவுண்டைத் தங்கத்தோடு மீண்டும் இணைத்தது பெரிய தவறா?

ஆம். நிதியமைச்சராக இருந்த சர்ச்சில், ஒரு பவுண்டுக்கு 4.86 டாலர் என்ற போருக்கு முந்தைய விகிதத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார். போருக்குப் பிந்தைய பிரிட்டனால் அந்த மதிப்பைத் தாங்க முடியாது என்று பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் அப்போதே எழுதினார். ஏற்றுமதிச் சரக்கு விலை கூடியது, நிலக்கரிச் சுரங்கங்களில் கூலியைக் குறைக்கப் பார்த்தார்கள், 1926-ல் நாடு தழுவிய வேலைநிறுத்தம் வந்தது. 1931 செப்டம்பரில் தங்கத்தோடு இருந்த இணைப்பை விட்டுவிட்டார்கள். கௌரவத்துக்காக நாணயத்தை உயர்த்திப் பிடிப்பது சரியும் வல்லரசுகளுக்கு உள்ள ஒரு வியாதி என்றே நினைக்கிறேன்.

சிங்கப்பூர் விழுந்ததை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

1941 டிசம்பர் 10 அன்று, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மலாயா கடலோரத்தில் மூழ்கடித்தன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. சுமார் 80,000 வீரர்கள் கைதானார்கள். அதில் பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், இந்தியர் எல்லோரும் அடக்கம். சிங்கப்பூரில் பெரிய கடற்படைத் தளம் இருந்தது, அங்கே நிற்க வேண்டிய கடற்படைதான் இல்லை. ஐரோப்பாவில் ஜெர்மனியோடும் இத்தாலியோடும் அது மாட்டிக்கொண்டிருந்தது.

ஆசியாவில் வெள்ளைக்கார ஆட்சியைத் தோற்கடிக்க முடியாது என்ற நம்பிக்கை அந்த எழுபது நாளில் போய்விட்டது. ஆஸ்திரேலியாகூட அமெரிக்காவின் பக்கம் திரும்பியது. 1951-ல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அமெரிக்காவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தபோது அதில் பிரிட்டனுக்கு இடமே இல்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜெயித்த நாடு எப்படித் தோற்ற நாடு மாதிரி ஆனது?

போரின் இரண்டாவது ஆண்டிலேயே பிரிட்டனிடம் டாலர் தீர்ந்துபோனது. 1940 செப்டம்பரில் அமெரிக்காவிடமிருந்து 50 பழைய போர்க்கப்பல்களை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாகக் கரீபியன் பகுதி உட்படப் பல இடங்களில் தளம் அமைக்கும் உரிமையை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. 1941 மார்ச்சில் 'லெண்ட்-லீஸ்' சட்டம் வந்தது. ஆயுதம், உணவு, எரிபொருள் எல்லாம் கையில் காசில்லாமலே வாங்கலாம். உயிர் காத்த உதவி, சந்தேகமில்லை. ஆனால் சாம்ராஜ்யத்துக்குள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட சுங்கச் சலுகையைப் போருக்குப் பிறகு கைவிடும் திசையில் நகர வேண்டும் என்ற நிபந்தனையும் அதோடு வந்தது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த சில நாட்களிலேயே அமெரிக்கா லெண்ட்-லீஸை நிறுத்திவிட்டது. லண்டன் இதை எதிர்பார்க்கவில்லை. கெய்ன்ஸ் வாஷிங்டனுக்குப் போனார். போரில் முதலில் இறங்கி, அதிக நாள் நின்றது நாங்கள், ஆகவே நன்கொடையாகவோ வட்டியில்லாமலோ கிடைக்கும் என்பது அவர் கணக்கு. கிடைத்தது கடன்தான். 375 கோடி டாலர், 2 சதவீத வட்டி, 50 தவணை. கனடா தனியாக 125 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது.

வட்டியைவிடக் கடுமையானது ஒரு நிபந்தனை. 1947 ஜூலை 15 முதல், பவுண்டை வைத்திருப்பவர் டாலர் கேட்டால் கொடுக்க வேண்டும். கதவைத் திறந்ததும் எல்லோரும் டாலரைக் கேட்டு வந்து நின்றார்கள். ஐந்தே வாரம். ஆகஸ்ட் 20 அன்று கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்குள் கடன் வாங்கிய பணத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. 1949-ல் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலருக்கு இறக்கினார்கள்.

போர் நடந்த ஆறு ஆண்டிலும் பிரிட்டனில் ரொட்டிக்கு ரேஷன் கிடையாது. ஜெயித்த மறு ஆண்டு, 1946 ஜூலையில், ரொட்டிக்கு ரேஷன் வந்தது. இது எனக்கு எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அதிகம் சொல்கிறது.

சரிவு நடந்த தேதி என்று ஒன்றைச் சொல்ல முடியுமா?

ஒரு தேதி கேட்டால் தயங்குவேன். ஒரு வாரம் கேட்டால் சொல்லிவிடுவேன்: 1947 பிப்ரவரியின் மூன்றாவது வாரம்.

அந்தக் குளிர்காலம் கொடுமையானது. நிலக்கரி தட்டுப்பாட்டில் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. பிப்ரவரி 18 அன்று, பாலஸ்தீனப் பிரச்சினையை ஐ.நா.விடம் ஒப்படைக்கப் போவதாக வெளியுறவு அமைச்சர் பெவின் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 20-ஆம் தேதி, 1948 ஜூனுக்குள் இந்தியாவை விட்டு வெளியேறுவோம் என்று பிரதமர் அட்லி அறிவித்தார். 21-ஆம் தேதி, கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் தரும் உதவியை மார்ச் முடிவோடு நிறுத்த வேண்டியிருக்கிறது என்று பிரிட்டிஷ் தூதரகம் அமெரிக்க வெளியுறவுத் துறையிடம் குறிப்புக் கொடுத்தது.

நான்கு நாளில் மூன்று பொறுப்புகள். அந்தத் தூதரகக் குறிப்புக்குப் பதில் மார்ச் 12 அன்று வந்தது. அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன் நாடாளுமன்றத்தில் 40 கோடி டாலர் கேட்டு, அந்த வேலையை இனி அமெரிக்கா பார்த்துக்கொள்ளும் என்றார். ட்ரூமன் கோட்பாடு என்று பாடப்புத்தகங்களில் வருவது இதுதான். பனிப்போரின் தொடக்கமாக அதைப் படிக்கிறோம். ஒரு வல்லரசு இன்னொன்றிடம் சாவியைக் கொடுத்த நாளாகவும் படிக்கலாம்.

இந்தியாவை விட்டுப் போனது காந்தியால் வந்ததா, கடனால் வந்ததா?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே வீண். பல பத்தாண்டு மக்கள் போராட்டம் இல்லாமல் எந்தக் கடனும் அவர்களைக் கப்பலேற்றியிருக்காது. ஆனால் பேசப்படாத பக்கம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும்.

1939-ல் இந்தியா பிரிட்டனுக்குக் கடன்பட்ட நாடு. போரின்போது இந்தியாவிலிருந்து எடுத்த பொருளுக்கும் படைச் செலவில் தன் பங்குக்கும் லண்டன் உடனே பணம் தரவில்லை. பவுண்டுக் கணக்கில் வரவு வைத்தது. அந்த வரவைக் காட்டி இங்கே ரூபாய் அச்சடித்தார்கள், விலைவாசி எகிறியது. 1943-ல் வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் இறந்ததற்கு இந்த விலையேற்றமும் ஒரு காரணம். போர் முடிந்தபோது கணக்குத் தலைகீழாகியிருந்தது. பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டியது சுமார் 130 கோடி பவுண்டு. ஆள்கிறவனுக்கு ஆளப்படுகிறவன் கடன் கொடுத்தவனாகிவிட்டால் ஆட்சியில் என்ன லாபம் இருக்கும்?

அப்புறம், படை. 1946 பிப்ரவரியில் பம்பாயில் தொடங்கிய கடற்படைக் கலகம் கராச்சி, சென்னை என்று பரவியது. செங்கோட்டையில் நடந்த இந்திய தேசிய ராணுவ வழக்கு நாட்டையே கொதிக்க வைத்திருந்தது. இந்தியப் படையை நம்ப முடியாது என்றால், இந்தியாவைப் பிடித்து வைக்க பிரிட்டிஷ் இளைஞர்களை அனுப்ப வேண்டும். அதற்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை.

சூயஸில் என்ன நடந்தது?

1956 ஜூலை 26 அன்று எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் பாரிஸ் அருகே செவ்ரில் ரகசியமாகக் கூடித் திட்டம் போட்டன. இஸ்ரேல் தாக்கும், மற்ற இரண்டும் சமாதானம் செய்ய வந்தவர்கள் போல நுழைந்து கால்வாயைப் பிடித்துக்கொள்ளும். அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் தாக்கியது. நவம்பர் 5, 6-ல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் போர்ட் செய்தில் இறங்கின. ராணுவக் கணக்கில் பார்த்தால் வெற்றிதான்.

ஆனால் பவுண்டு சரியத் தொடங்கியது. சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப்.பிடமிருந்து கடன் வேண்டும் என்று லண்டன் கேட்டது. சண்டையை நிறுத்தாமல் ஒன்றும் கிடையாது என்று வாஷிங்டன் கையை விரித்தது. அமெரிக்காவைக் கேட்காமல் செய்த காரியம் இது, அதுவும் ஐசன்ஹோவர் தேர்தலைச் சந்திக்கும் வாரத்தில். சவூதி அரேபியா எண்ணெயை நிறுத்தியது. சோவியத் யூனியன் ராக்கெட் மிரட்டல் விட்டது. அந்த மிரட்டலைவிடப் பவுண்டுதான் பிரிட்டிஷ் அமைச்சரவையை உலுக்கியது. போருக்குப் போகலாம் என்று முதலில் உற்சாகமாக இருந்த நிதியமைச்சர் மேக்மில்லன்தான், நிறுத்த வேண்டும் என்று முதலில் சொன்னவர்களில் ஒருவர்.

நவம்பர் 6 நள்ளிரவில் போர் நிறுத்தம். டிசம்பருக்குள் படை வெளியேறியது. படை வெளியேறுவதாக அறிவித்ததும் கடன் வந்தது. 1957 ஜனவரி 9 அன்று பிரதமர் ஈடன் பதவி விலகினார். இடத்துக்கு வந்தவர் அதே மேக்மில்லன்.

இதில் பலர் கவனிக்காதது: தாக்குதலுக்கு முன்பே பிரான்ஸ் ஐ.எம்.எஃப்.பிடம் கடன் ஏற்பாடு செய்து வைத்திருந்தது. பிரிட்டன் செய்யவில்லை. அவ்வளவு பெரிய படையெடுப்பைத் திட்டமிட்டவர்கள் பணத்தை மட்டும் திட்டமிடவில்லை.

சூயஸோடு எல்லாம் முடிந்ததா?

இல்லை. ஏடன், சிங்கப்பூர், வளைகுடா எல்லாம் இன்னும் கையில் இருந்தன. 1967 நவம்பரில் பவுண்டை 2.40 டாலருக்கு இறக்கினார்கள். இரண்டே மாதத்தில், 1968 ஜனவரி 16 அன்று, சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் படைகளை 1971 முடிவுக்குள் திரும்பப் பெறுவோம் என்று பிரதமர் வில்சன் அறிவித்தார். செலவை நாங்கள் ஏற்கிறோம், இருங்கள் என்று வளைகுடா ஆட்சியாளர்கள் சொல்லிப் பார்த்தார்கள். லண்டன் மறுத்துவிட்டது. அமெரிக்காவும் போகாதே என்றுதான் கெஞ்சியது. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் வெளியே போ என்று நெருக்கியதும் அதே நாடுதான்.

வல்லரசு சரிந்தபோது மக்களின் வாழ்க்கையும் சரிந்ததா?

இங்கேதான் பலருக்கு ஆச்சரியம். சரியவில்லை. சாம்ராஜ்யம் வேகமாகக் கலைந்த அதே பத்து இருபது ஆண்டுகளில்தான் சாதாரண பிரிட்டிஷ் குடும்பத்துக்கு இலவச மருத்துவம், அரசு கட்டிய வீடு, நிலையான வேலை எல்லாம் கிடைத்தன. தேசிய மருத்துவ சேவை தொடங்கியது 1948 ஜூலை 5, இந்தியாவை விட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. சூயஸ் அவமானத்துக்கு அடுத்த ஆண்டே, நம் மக்களில் பெரும்பாலோர் இவ்வளவு நன்றாக எப்போதும் வாழ்ந்ததில்லை என்று மேக்மில்லன் மேடையில் பேசினார். தேர்தல் பேச்சு வாடை அடித்தாலும் சொன்னது உண்மை.

சரிவு என்ற சொல்லை ஆட்சியாளர்களும் பத்திரிகைகளும் புலம்பலாகப் பயன்படுத்தினார்கள். சுரங்கத் தொழிலாளியின் பேரனுக்கு அது அப்படித் தெரிந்திருக்காது.

தொழிற்சங்கங்களும் சோம்பலும்தான் காரணம் என்கிறார்களே?

1970-களின் தொல்லைகளுக்கு அவற்றையும் ஒரு காரணமாகச் சொல்லலாம். 1976-ல் ஐ.எம்.எஃப்.பிடம் 390 கோடி டாலர் கேட்டுப் போனது பெரிய தலைகுனிவுதான். ஆனால் அதற்குள் வல்லரசு இடம் போய் இருபது ஆண்டு ஆகிவிட்டது. பின்னால் வந்ததை முன்னால் நடந்ததற்குக் காரணமாக்க முடியாது.

அமெரிக்காவுக்கும் இதே கதி வருமா?

இப்போது அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ஒற்றுமைகள் கண்ணில் படுகின்றன. உலகத் தொழில் உற்பத்தியில் சீனாவின் பங்கு 30 சதவீத அளவுக்கு வந்துவிட்டது, அமெரிக்காவின் பங்கு அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கிறது. 2024 நிதியாண்டில் அமெரிக்க அரசு கட்டிய வட்டி, அதன் பாதுகாப்புச் செலவைத் தாண்டியது. நாடுகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் டாலரின் பங்கு நூற்றாண்டுத் தொடக்கத்தில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தது, இப்போது 60-க்குக் கீழே.

ஆனால் இரண்டு பெரிய வேறுபாடுகள் உண்டு. பிரிட்டன் இன்னொருவர் நாணயத்தில் கடன்பட்டது. அமெரிக்கா தான் அச்சடிக்கும் டாலரிலேயே கடன் வாங்குகிறது. சூயஸில் நடந்ததுபோல ஒரு நாடு கடனை நிறுத்தி அமெரிக்காவை மண்டியிட வைப்பது கடினம். இரண்டாவது, பிரிட்டன் இறங்கியபோது அந்த இடத்தில் ஏற அதன் கூட்டாளியே காத்திருந்தான். அதே மொழி, ஏறக்குறைய அதே அரசியல் முறை. ஆகவே கைமாறியதில் ரத்தம் சிந்தவில்லை. அமெரிக்காவுக்கு அப்படி ஒரு வாரிசு இல்லை. ஆகவே பிரிட்டனைப் பார்த்து அமெரிக்காவுக்கு நாள் குறிப்பவர்களை நான் நம்புவதில்லை. வேகம் குறைவாக இருக்கலாம், முடிவு இன்னும் கரடுமுரடாகவும் இருக்கலாம்.

இன்று பிரிட்டனிடம் மிச்சம் இருப்பது என்ன?

ஐ.நா. பாதுகாப்பு சபையில் நிரந்தர இடமும் வீட்டோவும் இருக்கின்றன. உலகின் பெரிய பொருளாதாரங்களில் முதல் பத்துக்குள் இருக்கிறது. நாணயப் பரிமாற்றச் சந்தையில் லண்டன் இன்றும் முதலிடம். 1997-ல் ஹாங்காங் போன பிறகு பெரிய காலனி எதுவும் இல்லை, சிறு தீவுகள் சில இருக்கின்றன. 1945-ல் வாங்கிய அந்த அமெரிக்கக் கடனின் கடைசித் தவணையை 2006 டிசம்பரில்தான் கட்டி முடித்தார்கள்.

அணு ஆயுதமும் இருக்கிறது. முதல் சோதனை 1952 அக்டோபர் 3 அன்று ஆஸ்திரேலியாவின் மான்டெபெல்லோ தீவுகளில் நடந்தது. இன்று நான்கு நீர்மூழ்கிக் கப்பல்களில் அந்த ஆயுதம் சுற்றிவருகிறது. கப்பலும் குண்டும் பிரிட்டனுடையவை. குண்டை ஏந்திச் செல்லும் ட்ரைடன்ட் ஏவுகணைகள் அமெரிக்காவோடு பொதுவில் வைத்திருக்கும் கையிருப்பிலிருந்து வருகின்றன, பராமரிப்புக்கு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள கிங்ஸ் பே தளத்துக்குப் போகின்றன.